பதினோராம் நிமிடத்துப் பச்சை

ஊருக்குப் புதிதாக எந்த உறவினர் வந்தாலும், பம்புக்காரர் அவரை முதலில் கூட்டிக்கொண்டு போகும் இடம் நகராட்சிக் கூடம்தான். கடற்கரை, பூங்கா எல்லாம் அப்புறம். கூட்ட அறையின் நடுச்சுவரில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி போட்டு ஒரு படம் மாட்டியிருக்கும். வளைகுடாவின் தரை. தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. கரையோரம் வெளிர் மஞ்சள், கொஞ்சம் தள்ளிப் பச்சை, அப்புறம் நீலம். நீலத்தின் நடுவே யாரோ கத்தியால் கீறிவிட்ட மாதிரி ஒரு கருநீலப் பள்ளத்தாக்கு, கரையை நோக்கித் தலையை நீட்டிக்கொண்டு கிடக்கும். வலப்பக்கம் கீழ் மூலையில், அளந்து வரைந்தவரின் கையெழுத்து. அது பம்புக்காரர் மனைவியின் கையெழுத்து.

“இதெல்லாம் கண்ணால பாத்து வரைஞ்சதில்ல, தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். “படகுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கு. அது கீழ சத்தத்தை அனுப்பும். சத்தம் தரையில முட்டித் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாத்து ஆழத்தைக் கணக்குப் போடணும். பாய் பின்ற மாதிரி இப்படிப் போயி அப்படி வந்து, இப்படிப் போயி அப்படி வந்து, பதினெட்டு மாசம்! வெயில்ல அவ முகமே கறுத்துப்போச்சு.”

வந்தவருக்குக் கால் வலிக்கும்வரை விடமாட்டார். காவலாளிக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். “பாய் பின்றது வரைக்கும் வந்தாச்சா சார்?” என்று வாசலிலிருந்தே கேட்பான்.

அந்த அம்மாளுக்குத் துறைமுகத்தில் அளவக்கா என்று பெயர். கப்பல்கள் தரைதட்டாமல் உள்ளே வரவேண்டுமே, அதற்காகக் கடலின் ஆழத்தை அளந்து சொல்லும் படகில் இருபத்தாறு வருடமாக வேலை. படகோட்டி முதல் துறைமுகத் தலைவர் வரை எல்லாருக்கும் அவள் அளவக்காதான். வார்த்தையையும் அளந்துதான் பேசுவாள் என்பதால் அந்தப் பெயர் இரண்டு மடங்கு பொருந்திவிட்டது.

பம்புக்காரருக்கு வேலை கழிவுநீர் நிலையத்தில். ஊர் முழுக்கக் குளித்து, துவைத்து, கழுவி விடுகிற தண்ணீர் எல்லாம் அங்கே வந்து சேரும். பெரிய தொட்டிகளில் கசடு அடங்கியபின், பாதி தெளிந்த அந்த நீரை அவருடைய மூன்று பம்புகள் குழாயில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பும். குழாய் கடலடியில் மூன்று கிலோமீட்டர் போகிறது. அதன் வாய், அந்தக் கருநீலப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், அறுபத்திரண்டு மீட்டர் ஆழத்தில். அத்தனை ஆழத்தில் விட்டால் அழுக்கு நீர் மேலே வருவதற்குள் கடலோடு கலந்து நீர்த்துவிடும். கீழ்நீரோட்டம் அதைப் பள்ளத்தாக்கு வழியே வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவள் படத்தை வைத்துத்தான்.

“ஊருக்கே நான்தான் வாசல் தெளிக்கிறேன், நீ கோலம் போட்டு வச்சிருக்க” என்று அவர் சீண்டுவார்.

“நீங்க தள்ளறதுதான் ஆவியாகி, மேகமாகி, மலையில மழையா விழுந்து, ஏரிக்கு வந்து, நம்ம வீட்டுக் குழாய்ல வருது. நேத்து நீங்க பல் தேச்ச தண்ணியை அடுத்த வருஷம் நீங்களே குடிப்பீங்க” என்பாள் அவள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

“அதுல ஒண்ணும் தப்பில்ல. மேல ஏறும்போது அழுக்கைக் கடல்லயே விட்டுட்டுத்தானே ஏறுது?”

“அதான் பிரச்சினை. தண்ணி போயிடும், அழுக்கு எங்கிட்ட தங்கிடும்.”

இப்படி வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மகளுக்குக் காதில் சீழ் பிடிக்கும்வரை.

பதினாறு வயதுப் பெண். தினமும் விடிந்ததும் வளைகுடாவில் இரண்டு மைல் நீந்துவாள். அந்த வருடம் நீண்டதூர நீச்சல் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். முதலில் தோளில் சிவப்பாகத் தடித்தது. பிறகு காது. மருந்து விட்டார்கள், ஆறியது, மறுபடி வந்தது. மூன்றாவது தடவை போனபோது பெண் மருத்துவர் அவள் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “கடல்லயாம்மா நீந்தற? ரெண்டு மூணு வருஷமாவே இதே மாதிரி வந்துட்டே இருக்காங்க, இந்த மாசம் மட்டும் நீ ஏழாவது ஆளு” என்றார்.

அன்று மாலை அளவக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள். “உங்க தண்ணி எங்க போகுது?”

“என்ன கேள்வி இது? நீ படத்துல போட்டிருக்கியே, அங்கதான்.”

அவள் குழாயை மூடினாள். “அந்தப் படம் எடுத்துப் பதினாலு வருஷம் ஆச்சு.”

“அதனால என்ன? பதினாலு வருஷத்துல மலை எந்திரிச்சு நடந்துடுமா?”

“மலை நடக்காது. மண்ணு நடக்கும். நாலு வருஷம் முன்னாடி ஆத்துல வெள்ளம் வந்துச்சே, பத்து நாளு கடல் காபி நிறத்துல கெடந்துச்சே, ஞாபகம் இருக்கா? அவ்வளவு மண்ணும் எங்க போச்சுன்னு யாராவது கேட்டோமா? கடல் என்ன உங்க பம்பு வீட்டுத் தரையா, சிமெண்ட் பூசினா அப்படியே கெடக்கறதுக்கு?”

அவருக்குச் சுருக்கென்றது. பம்பு நிலையத்தைச் சொன்னதால் இல்லை. அந்தப் படத்தைச் சொன்னதால். அதில் குறை சொல்ல அவளுக்கே உரிமை கிடையாது என்பதுபோல ஒரு கோபம் வந்தது.

அவள் முறைப்படி நகராட்சித் தலைமைப் பொறியாளருக்குக் கடிதம் எழுதினாள்: குழாயின் வாய் இருக்கும் இடத்தை மறுபடி அளக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட படத்தின்படி குழாய்வாய் அறுபத்திரண்டு மீட்டர் ஆழத்தில் உள்ளது. அங்கிருந்து கழிவுநீர் கரைக்கு வர வாய்ப்பே இல்லை. மறு அளவீடு தேவையற்றது. கூடவே ஆதாரமாகப் படத்தின் நகல் ஒன்று இணைத்திருந்தார்கள், அவளுடைய கையெழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு.

அளவக்கா அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். “பாருங்க, என் கையெழுத்தையே அனுப்பி என் வாயை அடைக்கறார்.”

“விட்டுடேன்” என்றார் பம்புக்காரர். “உன் பேர் சொல்ல ஊர்ல இருக்கறது அந்த ஒரு படம். அது தப்புன்னு நீயே போயி சொன்னா நாளைக்கு உன்னை யாரு மதிப்பா?”

“நான் அளந்த அன்னிக்கு அது சரி. ஒரு இம்மி பிசகில்ல. ஆனா இன்னிக்கும் சரின்னு நான் சொல்லலையே, அவங்கதானே சொல்றாங்க, என் பேரை வச்சு?”

அடுத்த அறையில் மகள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவர் எழுந்து போய் அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டார்.

நகராட்சி சம்மதிக்காவிட்டால் என்ன, துறைமுகம் இருக்கிறதே. கப்பல் வரும் வழியை வருடத்துக்கு ஒருமுறை அளக்கத்தான் வேண்டும். அந்த வேலையோடு பள்ளத்தாக்கின் தலைமாட்டையும் சேர்த்து அளக்கத் துறைமுகத் தலைவர் அனுமதி கொடுத்தார். “அளவக்கா கேட்டா காரணம் இல்லாம இருக்காது” என்று தாளில் ஒரு வரியும் எழுதிக் கொடுத்தார். அந்த வரியைப் பம்புக்காரர் நாலு தடவை படித்தார்.

தன் வார விடுமுறையில் அவரும் படகில் ஏறிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வேலை செய்வதை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. படகோட்டிக்குச் சுக்கான் என்று பட்டப்பெயர். கடலில் சுக்கானைப் பிடித்தால் கரை வரும்வரை கையை எடுக்கமாட்டானாம். அவன் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மாமா, காலையில ஏதும் சாப்பிட்டீங்களா?” என்றான்.

“நல்லா சாப்பிட்டேனே.”

“ஐயையோ” என்றான் சுக்கான்.

துறைமுகச் சுவரைத் தாண்டிய கால்மணியில் அந்த ஐயையோவுக்கு அர்த்தம் புரிந்தது. மூன்று பம்புகளை ஒரே கையால் ஆட்டி வைக்கிற மனிதர், படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வயிற்றிலிருந்ததை எல்லாம் கடலுக்குக் கொடுத்தார். “பாத்துங்க, நீங்க இங்கயும் கழிவை விடறீங்க” என்று அளவக்கா ஈரத்துணியை நீட்டினாள். அவ்வளவுதான், உடனே திரைக்குத் திரும்பிவிட்டாள்.

கொஞ்சம் தெளிந்ததும் அவர் அவள் பின்னால் போய் நின்றார். திரையில் தரை மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது, படகு நகர நகர, ஒரு கோடு, அதை ஒட்டி இன்னொரு கோடு. மஞ்சள். பச்சை. ஓரிடத்தில் பாறை வரப்பு ஒன்று முதுகெலும்பு மாதிரி எழுந்து இறங்கியது. அதன் மேல் வரிவரியாக மணல் மேடுகள். மேலே ஒன்றுமே தெரியாத தண்ணீர். கீழே ஒரு நாடே கிடந்தது. அவள் விரல் திரைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது, வாய் தானாகப் பேசியது. “சுக்கான், அரைப் புள்ளி இடது… விடு… அப்படியே பிடி.” அவள் சொல்வதற்கு அவன் மறுபேச்சுப் பேசவில்லை. வீட்டில் இப்படி அவள் சொல்லி யாரும் உடனே கேட்டதாகப் பம்புக்காரருக்கு நினைவில்லை. மனதுக்குள் கொஞ்சம் வெட்கமாகவும், அதைவிட அதிகம் மார்பு விரிந்த மாதிரியும் இருந்தது.

“இதோ, இங்கதான் பள்ளம் ஆரம்பிக்கணும்” என்றாள்.

திரை பச்சையாகவே இருந்தது. நீலம் வரவேயில்லை. நாற்பத்து மூன்று. நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று.

படகைத் திருப்பி அதே கோட்டில் இன்னொரு முறை போனார்கள். அதே நாற்பத்தொன்று. பள்ளத்தாக்கின் தலைமாட்டை மண் மூடிவிட்டிருந்தது, இருபது மீட்டருக்கு மேல். வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மண். அதற்குக் கீழே எங்கோ, மூடிய வாயோடு, அவருடைய குழாய்.

சுக்கான்தான் கேட்டான். “வாயை மூடிட்டா அப்புறம் தண்ணி எப்படிக்கா போகும்?”

அந்தக் கேள்வி பம்புக்காரரின் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஏனென்றால் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. தினமும். தடங்கலே இல்லாமல்.

கரைக்கு வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை, நேராகப் பம்பு நிலையம். அவர் எதில் குறை வைத்தாலும் பதிவேட்டில் குறை வைத்ததில்லை. மணிக்கொரு தரம் குழாயின் அழுத்தத்தைக் குறித்து வைப்பார். நாலு வருடத்துக்கு முந்தைய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வெள்ளத்துக்கு முன் மூன்று. வெள்ளத்துக்குப் பின் மூன்றரை. அடுத்த மாதம் நாலு, பம்புகள் திணறின. அப்புறம் ஒருநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு நாலேகால், மூன்று மணிக்கு இரண்டு. அதற்கப்புறம் இரண்டிலேயே நிலையாக நின்றுவிட்டது. பக்கத்தில் அவர் கையாலேயே எழுதியிருந்தார்: ‘அடைப்பு நீங்கியது. பம்புகள் இலகுவாக ஓடுகின்றன.’ அதன் கீழே தலைமைப் பொறியாளர் ‘நன்று’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருந்தார்.

அன்று அவர் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனதுகூட நினைவுக்கு வந்தது.

“அடைப்பு நீங்கலை” என்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். “நீங்கியிருந்தா பழைய மூணுக்குத்தானே வந்திருக்கணும், ரெண்டுக்கு ஏன் எறங்குது? குழாய் வழியில எங்கயோ விட்டுடுச்சு. நாலு வருஷமா. நான் சந்தோஷமா பாத்துட்டு இருந்திருக்கேன்.”

“எங்க விட்டுச்சுன்னு கண்டுபிடிக்கணும்” என்றாள் அளவக்கா. அழுவதற்கு அவள் நேரம் கொடுக்கவில்லை.

நகரத்துக் குழாய்களில் கசிவு கண்டுபிடிக்க நிலையத்தில் ஒரு சாயம் வைத்திருப்பார்கள். டப்பாவில் பார்த்தால் செங்கல் நிறத் தூள். தண்ணீரில் விழுந்தால் கண்ணைப் பறிக்கும் பச்சை. யாருக்கும் கெடுதல் செய்யாது. அதைப் போட்டுப் பார்க்கும் அதிகாரம் பணியில் இருக்கும் பம்புக்காரருக்கு உண்டு, பதிவேட்டில் எழுதினால் போதும். கடல் குழாயில் போடக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. போடவேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். மகளின் நீச்சல் பயிற்சியாளரிடம் சொல்லிச் சோதனை நாளன்று யாரையும் தண்ணீரில் இறங்கவிடவில்லை. குழாயில் நீர் வினாடிக்கு ஒரு மீட்டர் போகும். கடைசிவரை போனால் ஐம்பது நிமிடம் ஆகும். அதற்கு முன்னால் எங்கே வெளியே வந்தாலும், நிமிடத்தைச் சொன்னால் இடத்தைச் சொல்லிவிடலாம்.

விடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நேரம். அளவக்காவும் சுக்கானும் குழாய்த் தடத்தின் மேல் படகில் நின்றார்கள். நிலையத்தில் பம்புக்காரர் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தூளைக் கொட்டினார்.

“போட்டாச்சு. ஆறு பத்து.”

“சரி.”

“தெரியுதா?”

“இப்பதானே போட்டீங்க. பேசாம இருங்க.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு நிமிடம் ஆயிற்று. பத்து. தொலைபேசியில் தண்ணீர் படகில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. ‘இல்லாமல் இருந்துவிடக்கூடாதா’ என்று ஒரு நொடி அவருக்குத் தோன்றியது. மண்ணைத் துளைத்துக்கொண்டு எப்படியாவது போயிருக்கக்கூடாதா?

“வந்துடுச்சு” என்றாள். “பதினோரு நிமிஷம்.”

பின்னால் சுக்கான் கத்துவது கேட்டது. “அக்கா, இங்க பாருங்கக்கா, கொதிக்கற மாதிரி வருது!”

கரையிலிருந்து அறுநூற்று அறுபது மீட்டர். அந்த இடத்தில் ஆழம் வெறும் ஒன்பது மீட்டர். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு. அடியில் விட்டால் நேராக மேலேதான் ஏறும். அறுபது மீட்டர் ஏறுவதற்குள் கலந்து கரைந்துவிடும். ஒன்பது மீட்டரில் எங்கே கலப்பது? வந்தது வந்தபடியே மேலே விரிந்தது. அன்று காற்று கடலிலிருந்து கரைக்கு. பச்சைத் திட்டு நீண்டு, வால் முளைத்து, மெதுவாக ஊரை நோக்கி நகர ஆரம்பித்தது.

ஏழரை மணிக்குக் கடற்கரை பச்சை. அலை வந்து மடிந்து போகும் இடமெல்லாம் பச்சை விளிம்பு. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்றார்கள். பள்ளிக்குப் போகிறவர்கள் நின்றார்கள். பேருந்தை நிறுத்திவிட்டு ஓட்டுநர் இறங்கிவந்து பார்த்தார். பம்புக்காரரின் மகள் மணலில் நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாள். “சாயம் ஒண்ணும் பண்ணாது. சாயம் எதோட வந்துச்சோ அதுதான் பண்ணும். நாம கழுவி விட்டதுதான் இது. நாலு வருஷமா தினம் வருது, இன்னிக்குத்தான் கலர்ல வருது.”

எட்டரைக்குத் தலைமைப் பொறியாளர் வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நேராக நிலையத்துக்குப் போய், “யாரைக் கேட்டுய்யா ஊரைப் பச்சையாக்கின?” என்று கத்தினார். பம்புக்காரர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ‘காலை 6.10. கடல் குழாயில் கசிவுச் சோதனை. சாயம் இரண்டு கிலோ.’ நேரம், அளவு, கையெழுத்து எல்லாம் முறைப்படி. பொறியாளருக்கு அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. மாலைக்குள் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. முப்பது வருட வேலையில் அவர் வாங்கிய முதல் மெமோ.

மூன்றாம் நாள் நகராட்சிக் கூட்டம். கூட்ட அறை நிரம்பி, படிக்கட்டு நிரம்பி, தெருவில் ஆட்கள் நின்றார்கள். நகராட்சித் தலைவி நடுவில் உட்கார்ந்திருந்தார். தலைமைப் பொறியாளர் முதலில் பேசினார். சாயம் கசிந்த குழாயிலிருந்து வந்ததா, படகிலிருந்து சிந்தியதா என்று தெரியாது என்றார். குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமா, இதோ என்று திரும்பிச் சுவரைக் காட்டினார். “அளவக்காவே அளந்து, அளவக்காவே கையெழுத்துப் போட்ட படம். இதை நம்பறதா, இல்ல பச்சைத் தண்ணியை நம்பறதா?”

எல்லார் கண்ணும் அளவக்கா பக்கம் திரும்பியது. அவள் எழுந்தாள். சுருட்டிய ஒரு தாள் கையில் இருந்தது. படத்துக்கு முன்னால் போய் நின்று அதை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள், வெகுநாள் கழித்துப் பார்க்கிற ஆளைப் பார்ப்பதுபோல.

“இதைக் கழட்டிடுங்க” என்றாள்.

பின்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இதை நான்தான் வரைஞ்சேன். பதினெட்டு மாசம் பாடுபட்டு வரைஞ்சேன். அன்னிக்கு இது உண்மை. இன்னிக்குப் பள்ளம் இருக்கற எடத்துல மேடு இருக்கு. என் கையெழுத்தைப் போட்டுக்கிட்டு இந்தப் படம் பொய் சொல்லுது. அதை வச்சுக்கிட்டு நீங்க ஊருக்குப் பதில் சொல்றீங்க. தயவுசெஞ்சு கழட்டிடுங்க.”

காவலாளி தலைவியைப் பார்த்தான், தலைவி தலையசைத்தார். அவனும் இன்னொருவரும் நாற்காலி போட்டு ஏறினார்கள். கண்ணாடிப் படம் கனத்தது. அது சுவரைவிட்டு இறங்கும்போது பம்புக்காரர் தன்னையறியாமல் கையை நீட்டித் தாங்கப் போனார். எத்தனை உறவினரை இதன் முன் நிறுத்தியிருக்கிறார்! ஆனால் அவள் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. படத்தைவிட அவள் உயரமாக நின்றாள். இத்தனை நாள் தான் பெருமைப்பட்டதெல்லாம் தாளைப் பார்த்துத்தான், ஆளைப் பார்த்து இல்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

வெறுமையாகிவிட்ட சுவரில் அவள் புதுத் தாளை விரித்து ஒட்டினாள். மூடிய பள்ளத்தாக்கு, புதைந்த வாய், பச்சை பொங்கிய இடம், எல்லாம் மீட்டர் கணக்கில். அவள் உட்கார்ந்ததும் தலைவி கேட்டார்: “நாலு வருஷமா குழாய் உடைஞ்சு கெடந்திருக்கு. அழுத்தம் குறைஞ்சிருக்குமே? அது யார் கண்ணுலயும் படலையா?”

பம்புக்காரருக்கு யாரும் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை. அவர் தானாகவே எழுந்தார்.

“பட்டுச்சும்மா. என் கண்ணுலதான் பட்டுச்சு. அடைப்பு நீங்கிடுச்சுன்னு நினைச்சு நானே எழுதி வச்சேன். யோசிச்சிருக்கணும். யோசிக்கல.” பழைய பதிவேட்டைத் தலைவியின் மேசையில் வைத்தார். வேறு எவர் பெயரையும் சொல்லவில்லை.

தலைவி பக்கத்தைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பொறியாளர் பக்கம் நகர்த்தினார். பொறியாளர் அதைக் குனிந்து பார்த்தார். தன் கையெழுத்தைக் கண்டதும் எழுந்து, “நானும் பாத்துட்டுத்தான் ‘நன்று’ன்னு எழுதியிருக்கேன்” என்றார். “தப்பு அவருது மட்டும் இல்ல. குழாயை உடனே சரிபண்ணணும்.” கத்துகிற குரலில்லை. நல்ல வேலைக்காரர் ஒருவரின் குரல் அது. இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ.

குழாயைச் சரிசெய்ய ஒன்பது மாதம் ஆயிற்று. மூழ்காளர்கள் இறங்கி, விட்டுப்போன இணைப்பை அளவக்கா சொன்ன புள்ளிக்கு நாலு மீட்டர் தள்ளிக் கண்டுபிடித்தார்கள். “நாலு மீட்டர் பிசகிடுச்சே” என்று அவள் இரண்டு நாள் முணுமுணுத்தாள். புதுக் குழாயைப் பாறை வரப்பின் அந்தப் பக்கமாகக் கொண்டுபோனார்கள், ஆற்று மண் ஏறி வரமுடியாத இடம் அது. பாதி தெளிந்த நீரை இனிக் கடலுக்கு அனுப்பவே கூடாது, முழுதாகச் சுத்தம் செய்தபின்தான் என்று முடிவாகி, நிலையத்தில் புதுத் தொட்டிகளும் எழும்பின. திட்டத்தின் கீழே முதல் கையெழுத்துத் தலைமைப் பொறியாளருடையது.

அதுவரை ஊரில் தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்கச் சொல்லியிருந்தார்கள். கடற்கரையைப் பூட்டிவிட்டார்கள். முணுமுணுப்புக்குக் குறைவில்லை. முடிதிருத்தும் கடையில் ஒருவர் பம்புக்காரரிடம் நேராகவே சொன்னார்: “உங்க வீட்டம்மாவால எங்களுக்கு ஆற அமரக் குளிக்க முடியலை சார்.”

“ஆமா, அவளாலதான்” என்றார் பம்புக்காரர், பரிசு வாங்குகிறவர் முகத்தோடு. கடைக்காரர் கத்திரியைப் பிடித்தபடி சிரித்துவிட்டார்.

அந்த மெமோவை ரத்து செய்கிறோம் என்று நகராட்சியிலிருந்து தகவல் வந்தது. வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லி அதைக் கல்யாணப் போட்டோ இருக்கும் அலமாரியில் வைத்துக்கொண்டார்.

வருடக் கடைசியில் வளைகுடாவின் புதுப் படம் தயாரானது. அச்சுக்குப் போகுமுன் அளவக்கா ஒரு பிடிவாதம் பிடித்தாள். கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி போடவேண்டும்: ‘இந்தப் படம் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். பெருவெள்ளம் வந்தால் அன்றோடு செல்லாது.’ எந்தப் படத்தில் இப்படிப் போடுவார்கள் என்று அச்சகத்தில் கேட்டார்கள், துறைமுகத்தில் கேட்டார்கள். “போடலைன்னா கையெழுத்தும் இல்ல” என்றாள். போட்டார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் வேறு மூன்று துறைமுகங்களிலிருந்து, நாங்களும் எங்கள் படங்களில் அந்த வரியைப் போட விரும்புகிறோம், வாசகத்தை அனுப்புங்கள் என்று கடிதம் வந்தது.

பம்புக்காரர் அந்தக் கடிதங்களைத் தொலைபேசியில் தன் அண்ணனுக்கு வரிவிடாமல் வாசித்துக் காட்டினார்.

“அப்ப உன் பொண்டாட்டி கடலுக்கே காலாவதி தேதி குத்திட்டாள்னு சொல்லு” என்றார் அண்ணன்.

“கடலுக்கு இல்லண்ணே, படத்துக்கு.”

“எல்லாம் ஒண்ணுதான்டா. சரி, அடுத்த மாசம் நாங்க வரோம். அந்தக் கூடத்துக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடாத, போன தடவையே உங்க அண்ணிக்கு முட்டி வலி.”

“கூடத்துக்கு வேண்டாம்ணே. அவளைப் படகுல பாக்கணும் நீங்க. சுக்கான்கிட்ட சொல்லி நான் ஏற்பாடு பண்றேன். காலையில மட்டும் ஒண்ணும் சாப்பிட்டுட்டு வந்துடாதீங்க.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் நிலையத்துக்கு வரத்து இரண்டு மடங்காகும், சீக்கிரம் போகவேண்டும். அவர் தொலைபேசியை வைத்துவிட்டுக் குடையை எடுத்தார். அளவக்கா சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதில் பென்சில் செருகியிருந்தது.

“அழுத்தத்தைப் பாத்து எழுதுங்க” என்றாள், நிமிராமல்.

“எழுதறேன்” என்றார். “யோசிச்சே எழுதறேன்.” செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினார்.